பெல்மான்ட் அறிக்கையில் இருப்பது மூன்றுதான்

மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுகளுக்கான அறநெறிகளைச் சொல்லும் அமெரிக்க அரசு ஆவணம்தான் பெல்மான்ட் அறிக்கை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியராக இருந்த டாம் பீச்சம் அதில் நான்கு அறக்கொள்கைகளை வகுத்தார் என்று ஒருவர் எழுத, பலர் அதை அப்படியே பகிர்ந்திருக்கிறார்கள். ஒரு சின்னத் திருத்தம். அறிக்கையை வரைவதில் பீச்சமுக்குப் பெரிய பங்கு உண்டு, அது சரி. ஆனால் அதில் உள்ள கொள்கைகள் மூன்றுதான்: மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி.

நான்கு என்பது அவரும் ஜேம்ஸ் சில்ட்ரஸும் சேர்ந்து எழுதிய உயிர்மருத்துவ அறவியல் நூலில் வருவது. நூல் 1979இல் வந்தது. அறிக்கை அரசிதழில் வெளியானதும் அதே ஆண்டு ஏப்ரலில்தான். போதாததற்கு இரண்டிலும் பீச்சமின் கை இருக்கிறது. குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்! நூல் 'தீங்கு செய்யாமை'யைத் தனிக் கொள்கையாகப் பிரிக்கிறது. அறிக்கையோ அதை 'நன்மை செய்தல்' என்பதற்குள்ளேயே, முதல் விதியாக வைக்கிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். அமெரிக்க சுகாதாரத் துறையின் இணையதளத்தில் அறிக்கை முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. 'பி' பகுதியைத் திறந்து எண்ணிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. அப்புறம் நூலின் பொருளடக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.