கறிவேப்பிலைப் புழுவில் விஷம் இல்லை

ஒருவர், கறிவேப்பிலைச் செடியிலிருந்து வரும் சிவப்புப் புள்ளிக் கருப்புப் பட்டாம்பூச்சி நஞ்சுள்ளது, அதனால் புழுக்களைக் கண்டதும் கொன்றுவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் எழுதுகிறேன்.

கறிவேப்பிலையில் வளர்வது காமன் மார்மன் (Common Mormon) என்ற பட்டாம்பூச்சியின் புழு. அந்தப் பட்டாம்பூச்சிக்கு நஞ்சு கிடையாது. நஞ்சுள்ளது காமன் ரோஸ் (Common Rose) என்ற வேறொரு பட்டாம்பூச்சி. அதன் புழு ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற கொடிகளைத் தின்று நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பறவைகள் அதைத் தொடாது. மார்மனின் பெண்களில் ஒரு வகை ரோஸின் சிறகு நிறத்தை அப்படியே போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. குழப்பம் வருவது இயல்புதான், பறவைகளே ஏமாறுகின்றன!

இரண்டையும் பிரித்தறிய உடம்பைப் பாருங்கள். ரோஸுக்குத் தலையும் வயிறும் நல்ல சிவப்பு. மார்மனுக்கு உடம்பு முழுக்கக் கருப்பு. இன்னும் உறுதி வேண்டுமா? கறிவேப்பிலைப் புழு ஒன்றை இலையோடு டப்பாவில் வைத்து, மூடியில் துளை போட்டு, தினமும் புது இலை கொடுங்கள். முதலில் பறவை எச்சம் போல இருக்கும், அப்புறம் பச்சையாகும், பிறகு கூட்டுப்புழு. வெளியே வரும் பட்டாம்பூச்சியின் வயிறு என்ன நிறம் என்று நீங்களே பார்க்கலாம். செடி நன்றாக வளர்ந்திருந்தால் நாலு புழு தின்றாலும் மறுபடி துளிர்த்துவிடும். தயவுசெய்து கொல்லாதீர்கள்.