ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க

நம்ம லேஅவுட்டுல பொதுவுக்குன்னு விட்ட ரிசர்வ் சைட்ல நாங்க பொம்பளைங்க போட்ட காய்கறித் தோட்டம், குடியிருப்போர் சங்கத்துல எங்களைக் கேக்காம களைக்கொல்லி அடிக்கச் சொன்னதுல கெட்டுப்போன விவகாரம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மறுபடி முழுக் கதையும் சொல்லப் போறதில்லை. குரூப்புல ஒருத்தர் "சின்ன விசயத்தைப் பெருசாக்காதீங்க"ன்னு கும்பிடு எமோஜி போட்டாரு பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

மதிலோரப் புல்லுக்குத்தான் மருந்து அடிச்சாங்களாம், தோட்டத்துக்குள்ள அடிக்கலையாம். ஏனுங்க, இது ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மொட்டைமாடிப் போர்வையையே அடுத்த தெருவுல கொண்டு போய்ப் போடுது. கிளைபோசேட்டுங்கற அந்தக் களைக்கொல்லி மட்டும் மதிலோரமாவே நின்னுக்குமா? அன்னிக்கு ஒண்ணும் தெரியலை. நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் தக்காளிக் குருத்து வெளுத்துச்சு, அப்புறம் வெண்டை. இலை வழியா வேர் வரைக்கும் இறங்குற சரக்கு அது. பூச்சிக்கட்டுப்பாட்டுக்காரங்க தவிர யாரும் அடிக்கக்கூடாதுன்னு 2022 அக்டோபர்ல மத்திய அரசே அறிவிச்சது. இங்க அடிச்சது வாட்ச்மேன் அண்ணன், மூஞ்சிக்கு ஒரு துண்டுகூடக் கட்டாம. அவரை நான் குத்தம் சொல்லலை. சொல்லி அனுப்பினவங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நாங்களே ஆள் விட்டுச் செதுக்கியிருப்போம்.

பாம்பு வருதுங்கறாங்க. வரும், ஒத்துக்கறேன், பயம் நியாயம்தான். ஆனா சாணி, கோமியம் எல்லாம் கலந்து நாங்க செடிக்குத் தெளிக்கற பஞ்சகவ்யம் நாறுதாம்! 100 லிட்டர் தண்ணிக்கு 3 லிட்டர் கலந்து தெளிக்கறோம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பினது, நம்ம பக்கத்துல இருந்து எங்கெங்கயோ போச்சு, நம்ம லேஅவுட்டுக்குள்ள மட்டும் வரக்கூடாது. "கடைக் காய்ல இல்லாத விஷமா?"ன்னு கேட்டவருக்கு நான் பதில் சொல்றதா இல்லை.

எங்க அப்புச்சிக்கு, அதான் அம்மாவோட அப்பாவுக்கு, காங்கேயம் பக்கம் பண்ணையம். நம்ம பக்கம் தோட்டம்னா கிணறு இருக்கோணும், இல்லைன்னா அது காடு. கிணறு வத்திச்சு, தோட்டம் காடாச்சு, அப்புறம் அதுவும் கைமாறிப் போச்சு. மிஞ்சினது அமுச்சி சாம்பல்ல பொரட்டி வெச்சிருந்த ஒரு டப்பா அவரை விதை. ஆடியில நட்டு, தையில விதைக்கு எடுத்து வெச்சு, கிழவி போனப்புறமும் வருசம் தப்பாம ஓட்டிட்டிருந்தேன். இந்த வருசம் எடம் நெறைய இருக்குதேன்னு டப்பாவைக் கவுத்துக் கொட்டி எல்லாத்தையும் நட்டுட்டேன். அது என் தப்புதான், போங்க.

"புது விதை வாங்கித் தந்தர்றோம், பாக்கெட் முப்பது ரூவா"ங்கறாங்க சங்கத்துல.

அதுலயும் "வேலையில்லாத பொம்பளைங்க"ன்னு ஒரு பேச்சு. அந்த வேலையில்லாத பொம்பளைங்ககிட்ட வெண்டைக்காய் வாங்கித் திங்கறப்போ இனிச்சுதுங்களா? ஒரு வார்த்தைதானுங்க கேட்டேன்.

போன மாசம் காய் குடுத்தனுப்பின கூடை மூணு இன்னும் திரும்பி வரலை. அதையாவது குடுத்தனுப்புங்க.