இலவச கியூஆர் கோடு காலாவதி ஆகிவிடுமா?

'இலவசமாக எடுத்த கியூஆர் கோடு கொஞ்ச நாளில் வேலை செய்யாது, காசு கட்டினால்தான் நிலைக்கும்' என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. காசுக்கும் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கோடு எந்த வகை என்பதே விஷயம்.

நிலையான வகையில் இணைய முகவரியோ வைஃபை கடவுச்சொல்லோ அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள்ளேயே பதிந்திருக்கும். நடுவில் யாருடைய சர்வரும் கிடையாது, அதனால் காலாவதி ஆக வழியே இல்லை. (நீங்களே அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டால் கோடு என்ன செய்யும்?) 1994-இல் கியூஆர் கோட்டை உருவாக்கிய ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனமும் காப்புரிமையைக் காட்டி யாரிடமும் கட்டணம் கேட்கவில்லை.

மாறும் வகையில் உள்ளே இருப்பது ஒரு சேவை நிறுவனத்தின் குறுமுகவரி மட்டும். அங்கே போய்த்தான் உங்கள் பக்கத்துக்குத் திரும்பும். சோதனைக் காலமோ சந்தாவோ முடிந்தால் அந்த வழி அடைபடலாம். புரளிக்கு விதை இதுதான்.

அச்சடித்த பிறகும் முகவரியை மாற்ற வேண்டும், எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்றால் மாறும் வகைக்குக் காசு கொடுக்கலாம். மற்றபடி நிலையானதே போதும். சரி, கையில் இருப்பது எது? ஸ்கேன் செய்யும்போது திரையில் வரும் முகவரி நீங்கள் கொடுத்ததாக இல்லாமல் வேறொன்றாக இருந்தால், அது மாறும் வகை.