இறந்தவருக்கு எத்தனை பக்கம்?

இந்த ஆண்டு இதுவரை பதினொரு நாவல்கள் முடித்திருக்கிறேன். அவற்றில் ஒன்பது கொலைக்கதைகள். பள்ளிக்கூட நாட்களில் பாளையங்கோட்டை பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையின் கயிற்றில் ராஜேஷ்குமாரும் சுபாவும் பட்டுக்கோட்டை பிரபாகரும் வரிசையாகத் தொங்குவார்கள். அப்போது தொற்றிக்கொண்ட பழக்கம், நாற்பத்தாறு வயதாகியும் விடவில்லை. படித்ததைப் பற்றி இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவேன். இந்த முறை அப்படிப் போக முடியவில்லை. ஒரு நாவல் மூன்று வாரமாக மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருக்கிறது.

கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஜப்பானில் 2005இல் வெளிவந்து நவோகி விருது பெற்ற நாவல். நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. முடிவைச் சொல்லாமல் என் ஆதங்கத்தைச் சொல்ல வழியில்லை. படிக்க நினைப்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள். பிறகு ஓரிடத்தில் மறுபடி வரும், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோக்கியோவில் மகளோடு தனியே வாழும் யாசுகோவை, விவாகரத்தான கணவன் தேடிவந்து தொல்லை கொடுக்கிறான். கைகலப்பில் தாயும் மகளும் சேர்ந்து அவனைக் கொன்றுவிடுகிறார்கள். அடுத்த வீட்டில் குடியிருக்கும் கணித ஆசிரியர் இஷிகாமி, யாசுகோ மேல் வாய்விட்டுச் சொல்லாத அன்பு வைத்திருப்பவர், எல்லாவற்றையும் மறைக்கிற பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். கொன்றது யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. போலீஸ் எவ்வளவு துருவினாலும் அந்தத் தாயும் மகளும் ஏன் சிக்கவில்லை என்பதுதான் புதிர். ஆற்றங்கரையில் கிடைத்த பிணம் அந்தக் கணவனுடையதே அல்ல. மறுநாள் இஷிகாமி வேறொருவரைக் கொன்று, முகத்தைச் சிதைத்து, கணவனின் பிணமாகக் கிடத்திவிட்டார்.

அந்த வேறொருவர் யார்? சுமிதா ஆற்றோரம் நீலத் தார்ப்பாய்களுக்குள் வாழும் வீடற்றவர்களைக் கடந்துதான் இஷிகாமி தினமும் வேலைக்குப் போவார். அங்கே புதிதாக வந்து சேர்ந்த ஒருவருக்கு மனதுக்குள் 'இன்ஜினியர்' என்று பெயர் வைத்திருந்தார். அவர்தான். காணாமல் போனால் தேட ஆளில்லை என்பதற்காகவே கொல்லப்பட்டவர். முதல் முறை படித்தபோது நானும் கடைசிப் பக்கத்தில் இஷிகாமிக்காக அழுதேன். இரண்டாம் முறை படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. புத்தகத்தை வாங்கிப் படித்த நண்பர்கள் நான்கு பேரும் அந்தக் காதலைப் பற்றியே பேசினார்கள். இன்ஜினியரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர்களால் இதைச் சும்மா விட முடியாது என்று நினைக்கிறேன். கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் செத்தவர்கள் இங்கே சாமியாகிறார்கள். அம்பாசமுத்திரத்துப் பக்கம் இருந்த என் ஆச்சி, ஆடி அமாவாசைக்கு எங்களைப் பாபநாசத்துக்கு மேலே காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு அழைத்துப் போவாள். அங்கே பட்டவராயன் சந்நிதியில் செருப்புகளைக் காணிக்கையாகப் போட்டிருப்பார்கள். புதுத் தோல் செருப்புகள். ஆச்சி ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். தேய்ந்திருந்தது, குதிகாலில் மண் ஒட்டியிருந்தது. "ராத்திரி போட்டு நடந்திருக்கிறார்" என்றாள். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தச் செருப்பை இப்போதும் மறக்கவில்லை.

பட்டவராயன் என்பது முத்துப்பட்டன். நாங்குநேரியைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்திருக்கிறார். பிராமணப் பிள்ளை, செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர்மேலும் ஆசைப்பட்டு, பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு அவர்களை மணக்கிறான். மாமனாரின் பசுக்களைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுக் குத்துப்பட்டுச் சாகிறான். பாட்டு அவன் சாவில் தொடங்குவதில்லை. அவன் பிறந்தது, அண்ணன்மாரைப் பிரிந்தது, அந்தப் பெண்களின் பாட்டைக் காட்டில் கேட்டு மயங்கியது என்று பாடப் பாட, சாவு வரும்போது கூட்டத்தில் இருப்பவர்கள் அனைவருக்கும் அவன் சொந்தக்காரனாகிவிடுகிறான். கொன்றவனின் பெயர் ஆச்சிக்கு நினைவில் இருந்ததே இல்லை. எனக்கும் இல்லை. துப்பறியும் நாவலில் இது நேர் தலைகீழ்: கொன்றவன் பெயருக்காகவே முந்நூறு பக்கம் புரட்டுகிறோம், செத்தவர் பெயரை மறுநாளே மறந்துவிடுகிறோம்.

நம் ஊர்ப் பெயர் செய்தியில் வந்தால் பாதி நேரம் அரிவாளோடுதான் வரும். ஒன்பதாம் வகுப்பில் என்னோடு படித்தவன், பிறகு இருபத்து மூன்றாவது வயதில் ஊர் விலக்கில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டான். மறுநாள் பத்திரிகையில் 'முன்விரோதத்தில் வாலிபர் வெட்டிக் கொலை' என்று நான்கு அங்குலச் செய்தி. என்னிடம் மாத நாவல்களை இரவல் வாங்கிப் படிப்பவன் அவன். ஒருமுறை அட்டை கிழிந்துவிட்டது என்று சோற்றுப் பருக்கையை நசுக்கி வைத்து ஒட்டிக் கொண்டுவந்து தந்தான். ஓரங்களில் பருக்கை உலர்ந்து வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றது. அந்தச் செய்தியில் அவன் வாலிபர். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இன்ஜினியரைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சோற்றுப் பருக்கைதான்.

அதனால் இப்போது எந்தக் கொலைக்கதையை எடுத்தாலும், இறந்தவருக்கு எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். அகதா கிறிஸ்டிக்குப் பிணம் என்பது வெறும் புதிர்க்காய் என்று சொல்பவர்கள் உண்டு. அவருடைய 'தி ஏபிசி மர்டர்ஸ்' 1936இல் வந்தது. அதில் முதலில் கொல்லப்படுபவள் ஆண்டோவர் என்ற ஊரில் சிறிய புகையிலைக் கடை வைத்துப் பிழைக்கும் ஆலிஸ் ஆஷர் என்ற கிழவி. குடிகாரக் கணவனிடம் பட்டுத் தேய்ந்தவள். துப்பறிவாளர் போய்ரோ அவள் அறைக்குள் போகிறார். கிழிசலை ஒழுங்காகத் தைத்து அடுக்கி வைத்த துணிகள், மலிவான பளபளப்போடு ஒரு ஜோடிப் புதுக் காலுறைகள். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எங்கோ வெளியே போகும்போது போட்டுக்கொள்ள வாங்கி வைத்திருக்கிறாள் அல்லவா? ஆனால் அடுத்த கொலை விழுந்ததும் அவள் 'ஏ' என்ற எழுத்தாகிவிடுகிறாள். கதையின் ஓட்டம் அப்படி. நாவல் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த ஒரு பக்கத்துக்காகக் கூடுதலாகவே பிடித்திருக்கிறது.

சுஜாதாவின் 'நைலான் கயிறு' 1968இல் குமுதத்தில் தொடராக வந்தது. நெடுநாளைக்குப் பிறகு மறுபடி படித்தேன். நடுநடுவே வரும் சுநந்தாவின் டைரிக் குறிப்புகள்தான் அந்த நாவலின் உயிர். வக்கீல் கணேஷின் சாமர்த்தியத்தைப் பள்ளி நாட்களில் ரசித்தேன். இப்போது அந்தப் பெண்ணின் குரலுக்காகப் பக்கம் புரட்டினேன்.

மற்றவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று நாவல்களில் பிணம் தரையில் விழுந்ததோடு சரி.

இப்போது கையில் இருப்பது ழார்ழ் சிமெனோனின் 'மெய்க்ரே அண்ட் த டெட் கேர்ள்', 1954இல் பிரெஞ்சில் வந்தது. பாரிஸில் வேன்டிமீல் சதுக்கத்தில் ஓர் இளம்பெண்ணின் பிணம் கிடக்கிறது. உடம்பில் நீல நிற விருந்துடை. அதுவும் வாடகைக்கு எடுத்தது. லோன்யோன் என்ற இன்ஸ்பெக்டர் ராப்பகலாக அலைந்து துப்புத் துலக்குகிறார். அவரைவிடக் கடுமையாக உழைப்பவர் அந்தக் கதையில் யாருமே இல்லை. துப்பறியும் போலீஸ் அதிகாரி மெய்க்ரே கேட்பது வேறு கேள்வி: இவள் எப்படிப்பட்ட பெண்? எங்கே தூங்கினாள், யாரோடு பேசினாள், எதற்குப் பயந்தாள் என்று தேடித் தேடி, ஒரு கட்டத்தில் அவள் என்ன செய்வாள், என்ன செய்யமாட்டாள் என்று சொல்லும் அளவுக்கு அவளை அறிந்துகொள்கிறார். கடைசியில் ஒரு பொய்ச் சாட்சி உடைவதும் அதனால்தான். அந்த ஆள் சொன்னபடி இந்தப் பெண் நடந்துகொண்டிருக்க மாட்டாள். குற்றவாளி பிடிபடுவதே இறந்தவளை மறக்காததால்! வில்லுப்பாட்டுப் புலவர் செய்கிற வேலையைத்தான் அந்தப் பாரிஸ் போலீஸ்காரரும் செய்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. முடித்துவிட்டு உடனே முதல் பக்கத்துக்குத் திரும்பி, இப்போது இரண்டாம் சுற்றில் பாதி வந்திருக்கிறேன்.

படித்த புத்தகங்களைக் குறித்துவைக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நாவல் பெயர், ஆசிரியர் பெயர், பிடித்ததா இல்லையா என்று மூன்று கட்டம். இந்த மாதம் நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, இறந்தவரின் பெயர் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வேன்டிமீல் சதுக்கத்துப் பெண் லூயிஸ் லாபுவான். ஆலிஸ் ஆஷர். ஹிகாஷினோவின் வரிசையில் 'இன்ஜினியர்' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

தமிழில் இப்படி எழுதப்பட்ட குற்றப்புனைவு, பழையதோ புதியதோ, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். ஆடி அமாவாசைக்குக் காரையார் போகிறோம். மூன்று நாள் ஆற்றங்கரையில் தங்கல். பையில் எடுத்துச் செல்ல இரண்டு புத்தகமாவது வேண்டும்.