கோரல்டிரா லினக்ஸுக்கும் வந்ததுதான்
பத்திரிகை, படம் வடிவமைக்கும் மென்பொருளான கோரல்டிரா, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸுக்கு வந்ததே இல்லை என்று இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பது தவறு, 2000-இல் அதன் 9ஆம் பதிப்பு லினக்ஸுக்கும் வந்தது, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்கும் ‘வைன்’ துணையோடு ஓடியது, அப்புறம்தான் கைவிட்டார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் எனக்கு, அது லினக்ஸில் இல்லையே என்ற ஏக்கம் இன்னும் போகவில்லை. இலவச மென்பொருளில் கோரல்டிராவின் சிடிஆர் கோப்பு திறக்கும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு முந்தைய, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துருவில் அடித்த ‘திருவளர்ச்செல்வி’ வெறும் ஆங்கில எழுத்தாக நிற்கும், எழுத்துருவைத் தேடிப் போட்டால் வரி இடம் மாறிவிடும், பெண்ணின் அப்பாவோ எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே கருத்து எழுதிய ஒருவர், படத்தைத் திருத்தும் இலவச மென்பொருளான ‘ஜிம்ப் போதுமே’ என்கிறார். புகைப்படத்துக்குச் சரி, பிள்ளையார் சுழியை வளைவு வளைவாக இழுத்துப் பெரிதாக்க அது எதற்கு ஆகும்?