குமுளி தாண்டினால் காய் எங்கே?

ஒட்டன்சத்திரம் சந்தைக் காயில் பெரும்பங்கு கேரளாவுக்குத்தான் போகிறது. மூணாறுக்கு மேலே வட்டவடையில் கேரட்டும் பீன்ஸும் கோஸும் விளைகிறது. ஆனால் மூணாறிலோ தேக்கடியிலோ ராத்திரி எட்டு மணிக்கு "வெஜ் என்ன இருக்கு சேட்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பரோட்டா, கடலைக் கறி, கோபி மஞ்சூரியன், இல்லாவிட்டால் வெஜ் குருமா! அந்தக் குருமாவில் முக்கால்வாசி உருளைக்கிழங்கு, மிச்சம் பட்டாணி, பேருக்கு இரண்டு துண்டு கேரட். மைதா மாவில் முக்கிப் பொரித்த காலிஃப்ளவரைக் காய்க்கணக்கில் சேர்க்க எந்த மனசாட்சி ஒத்துக்கொள்ளும்?

இத்தனைக்கும் காய் சமைக்கத் தெரியாத ஊரா அது? தோரன், அவியல், ஓலன், எரிசேரி எல்லாம் அங்கே பிறந்தவைதானே. சிக்கல் நேரத்தில்தான். தோரனிலும் அவியலிலும் பச்சைத் தேங்காய் விழுகிறது. மதியம் செய்தது சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். அதனால் ஊணுக்கு, அதாவது மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அளவாகச் செய்து, மூன்று மணிக்குள் பாத்திரத்தைக் கழுவிவிடுகிறார்கள்.

ஆகவே படகுச் சவாரியை முன்னே பின்னே தள்ளியாவது பன்னிரண்டரைக்குள் ஊணுக்கு உட்காருங்கள். சைவம் என்றால் இலை போடும்போதே சொல்லிவிட வேண்டும். பல கடைகளில் கேட்காமலே சோற்றில் மீன்சாறு விழும். தோரனை இரண்டாம் தடவை கேட்டால் பெரும்பாலும் தனிக்காசு கிடையாது, கூச்சப்படாதீர்கள். ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளரிக்காய், ஒரு கேரட் வாங்கிக் கழுவி வைத்துக்கொண்டு சப்பாத்திக்குக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். காய் விளையும் மலையில் இந்தக் கூத்து!