ஐசிடி-10 குறியீடு மட்டும் இருந்தால் அரிய நோயை அடையாளம் காண முடியுமா?

"நோயாளியின் பதிவில் ஐசிடி-10 குறியீடு இருந்தால் போதும், எந்த நாட்டு ஆய்வாளருக்கும் நோய் புரிந்துவிடும்" என்று பரவும் தகவல் தவறு. ஐசிடி-10 என்பது நோய்களுக்குக் குறியீடு தரும் சர்வதேசப் பட்டியல். பொதுவான நோய்களுக்கு அது ஓரளவு சரி. அரிய நோய்களில் சரிவராது.

ஈ75.2 என்ற குறியீட்டையே பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10இல் கோஷே, ஃபேப்ரி, கிராபே என்ற மூன்று அரிய நோய்களும் இந்த ஒரே எண்ணுக்குள் அடைபட்டிருக்கின்றன. கோஷேயில் மண்ணீரல் வீங்கும். ஃபேப்ரியில் சிறுநீரகமும் இதயமும் கெடும். கிராபே, குழந்தையின் நரம்புறையையே அழிக்கும். குறைபடும் நொதியும் மூன்றிலும் வேறு வேறு. அமெரிக்கப் பதிப்பு கூடுதல் இலக்கம் சேர்த்து இவற்றைப் பிரிக்கிறது. மற்ற நாட்டுக் கோப்போடு இணைக்கையில் அந்த இலக்கத்தை வெட்டினால் மறுபடியும் குழப்பம்தான்.

அரிய நோய்களுக்கான தகவல் தளமான ஆர்ஃபாநெட் தனித்தனி எண் தருகிறது: ஃபேப்ரி 324, கோஷே 355, கிராபே 487. மூலப் பதிவிலேயே இதை எழுதிவிடுங்கள். ஆர்ஃபா எண்ணிலிருந்து ஐசிடிக்குப் போகலாம், ஈ75.2இலிருந்து திரும்பி வர வழியே இல்லை.

நோய் உறுதியாகாதபோது தயவுசெய்து ஊகித்து எண் போடாதீர்கள். அறிகுறிகளை எச்பிஓ (நோய் அறிகுறிகளுக்கு எண் தரும் சொற்பட்டியல்) குறியீட்டில் பதியுங்கள். மண்ணீரல் வீக்கத்துக்கு எச்பி:0001744. 'எச்பி:' என்ற முன்னொட்டை நீக்கிவிட்டு எக்செலில் திறந்தால் முன்னால் உள்ள பூச்சியங்கள் போய் 1744 மட்டுமே மிஞ்சும். அந்த நெடுவரிசையை முதலிலேயே 'உரை' வகைக்கு மாற்றிவையுங்கள்.